அடுத்த தெருவே அருட்பணிக் களம் – றொபேட் றேக்ஸ் (1736–1811)



ரொறன்ரோ நகரின் நடுவே, ஒன்ராறியோ சட்டமன்றம் அமைந்திருக்கும் குயீன்ஸ் பார்க்கில் பல சிலைகள் இருக்கின்றன. அரசர்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் எழுப்பப்பட்ட அந்தச் சிலைகளோடு, கையில் புத்தகத்துடன் நிற்கும் ஒருவரின் சிலையும் உண்டு. அவர் அரசர் அல்லர், படைத்தலைவர் அல்லர், கனடாவில் கால் வைத்தவரும் அல்லர். இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் செய்தித்தாள் அச்சிட்டு வாழ்ந்தவர். அவர் பெயர் றொபேட் றேக்ஸ். 1780ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ஒரு வேலையின் 150ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து 1930இல் அந்தச் சிலை அங்கே வைக்கப்பட்டது.

அந்த வேலை எது தெரியுமா பிள்ளைகளே? ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் வந்து அமரும் ஓய்வுநாள் பாடசாலைதான்.

அருட்பணியாளர் என்றதும் கப்பலேறித் தூரதேசம் போனவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாம் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் றேக்ஸ் நற்செய்திக்காகக் கடல் கடந்தவர் அல்லர். பிறந்த ஊரிலேயே வாழ்ந்தார், அந்த ஊரிலேயே தொழில் செய்தார், அங்கேயே மரித்தார். அவருடைய அருட்பணிக் களம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது. ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் அவருடைய வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

ஓர் ஆலயம், இரண்டு மனிதர்கள்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், செவேர்ன் ஆற்றங்கரையில் உள்ள நகரம் குளொஸ்ரர். அங்கே புனித மரியாள் டி கிரிப்ற் என்ற பழைய ஆலயம் ஒன்று உண்டு. 1736ஆம் ஆண்டு யூன் மாதம் அந்த ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் ஓர் இளம் குருவானவர் தம் முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். அவர்தான் ஜோர்ஜ் விற்ஃபீல்ட். அந்த ஊரிலே ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தவர். பின்னாளில் அத்திலாந்திக் சமுத்திரத்தை 13 தடவை கடந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திறந்த வெளிகளிலே ஆயிரமாயிரம் மக்களுக்குப் பிரசங்கித்தார்.

அதே ஆண்டு செப்டெம்பர் மாதம் அதே ஆலயத்திலே ஒரு குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. அந்தக் குழந்தைதான் றொபேட் றேக்ஸ். ஒருவரைக் கர்த்தர் சமுத்திரத்தின் அக்கரைக்கு அனுப்பினார். மற்றவரைத் தெருவின் அக்கரைக்கு அனுப்பினார். இரண்டும் அவருடைய அழைப்பே.

றேக்ஸின் தகப்பனாரின் பெயரும் றொபேட்தான். அவர் 1722இல் குளொஸ்ரர் ஜேர்னல் என்ற வாரச் செய்தித்தாளைத் தொடங்கியவர். பாராளுமன்றத்தில் நடப்பவற்றைச் செய்தித்தாளில் அச்சிடுவது அக்காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டது. அப்படி அச்சிட்டதற்காக அவர் பாராளுமன்றத்துக்கு அழைக்கப்பட்டுக் கண்டிக்கப்பட்டார். உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குக் கொடுக்கவேண்டிய விலையை மகன் சிறு வயதிலேயே அறிந்திருப்பார்.

1757இல் தகப்பனார் இறந்தார். அப்போது மகனுக்கு ஏறக்குறைய 21 வயது. அச்சகமும் செய்தித்தாளும் அவர் தோளில் விழுந்தன. அடுத்த ஆண்டே அச்சகத்தை சவுத்கேற் தெருவில் உள்ள ஒரு பெரிய மரச்சட்ட வீட்டுக்கு மாற்றினார். தாம் ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் அந்தத் தெருவிலேயே இருந்தது. 1767இல் ஆன் ட்றிக் என்பவரை மணந்தார். வீடு நிறையப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

றேக்ஸ் நன்றாக உடுத்துவதில் பிரியமுள்ளவர். அழகிய மேலங்கியும் பொய்முடியும் அணிந்து தெருவில் நடந்து செல்வார். ஊரார் அவரைச் சிங்காரக்காரர் என்றே எண்ணினார்கள். இப்படிப்பட்டவர் ஏழைகளின் குடிசைக்குள் நுழைவார் என்று அந்நாளில் ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

சிறைச்சாலையில் கழிந்த ஆண்டுகள்

றேக்ஸ் முதன்முதலில் போன இடம் பாடசாலை அல்ல, சிறைச்சாலை. குளொஸ்ரரின் பழைய கோட்டை அப்போது மாவட்டச் சிறையாக இருந்தது. அக்காலச் சிறைகளின் நிலை நமக்கு நம்பவே கடினமானது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர்களையும் கொள்ளைக்காரரையும் ஒரே கூரையின்கீழ் அடைத்தார்கள். கடனுக்காக அடைக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் உணவு கொடுப்பதில்லை. உறவினர் கொண்டுவந்தால் உண்டு, இல்லையேல் பட்டினி. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்த பின்னும், சிறைக்காவலருக்குக் கட்டவேண்டிய கட்டணத்தைக் கட்ட முடியாமல் உள்ளேயே கிடந்தவர்கள் இருந்தார்கள். அழுக்கினாலும் நெருக்கத்தினாலும் பரவும் சிறைக் காய்ச்சல் பலரைக் கொன்றது.

றேக்ஸ் தம் செய்தித்தாளிலே இவர்களுக்காக மன்றாடி எழுதினார். உணவும் உடையும் வாங்கப் பணம் சேகரித்தார். தாமே உள்ளே போய் அவர்களோடு பேசினார். வாசிக்கத் தெரிந்த கைதிகளைக் கொண்டு தெரியாதவர்களுக்கு வாசிக்கக் கற்பித்தார். ஆண்டு தோறும் இப்படியே நடந்தது.

ஆனால் அவருக்குள்ளே ஒரு வேதனை வளர்ந்தது. விடுதலையாகிப் போனவர்களில் பலர் மறுபடியும் அதே சிறைக்கு வந்தார்கள். சிலர் தூக்குமரத்துக்குப் போனார்கள். நல்ல வார்த்தைகள் அவர்களிடம் மிகப் பிந்தி வந்து சேர்ந்தன என்று அவர் கண்டார். அவர்களுடைய பேச்சிலும் வாழ்விலும் அவர் கண்ட வேர் ஒன்றே: அறியாமை. ஒருவரும் அவர்களுக்கு எதையும் கற்பித்ததில்லை. சிறுவயதில் அவர்களைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.

பல ஆண்டுகள் உழைத்து, பலன் மிகக் குறைவாகக் கண்ட மனிதர் சோர்ந்துபோவது இயல்பு. றேக்ஸ் சோர்ந்துபோகாமல், இந்த மனிதர்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டார்.

தோட்டக்காரரைத் தேடிப் போன நாள்

1780ஆம் ஆண்டு. றேக்ஸுக்கு 43 வயது. ஒரு தோட்டக்காரரை வேலைக்கு அமர்த்துவதற்காக நகரின் ஓரப்பகுதிக்குப் போனார். வறியவர்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. தேடிப்போனவர் வீட்டில் இல்லை. காத்திருந்தபோது தெருவிலே ஒரு சிறுவர் கூட்டத்தைக் கண்டார். கிழிந்த உடை, அழுக்கான முகம், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை.

இந்தப் பிள்ளைகள் யாருடையவர்கள் என்று அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தார். அந்தப் பெண் சொன்ன பதில்தான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. இன்று இவர் காண்பது ஒன்றுமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவேண்டும் என்றாள். குளொஸ்ரர் அக்காலத்திலே குண்டூசித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். சின்னஞ்சிறு பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு விடுமுறை. அன்றைக்குத் தெருவெல்லாம் சண்டையும் சூதும் சாபமுமாக இருக்கும். கண்ணியமாக வாழ விரும்பும் அயலவர்கள் வீட்டிலே இருக்கவும் முடியாது.

றேக்ஸுக்கு அந்தக் கணத்திலே தம் கேள்விக்கு விடை கிடைத்தது. சிறையிலே கண்ட முகங்களின் சிறுவயது முகங்கள் இவை. இன்னும் சில ஆண்டுகளில் இவர்களும் கோட்டைக்குள் வருவார்கள். அப்போது உணவு கொண்டுபோவதைவிட இப்போதே ஏதாவது செய்யக்கூடாதா?

இத்தனைக்கும் அந்த இடம் அவருக்குத் தெரியாத ஊர் அல்ல. தாம் பிறந்து வளர்ந்த நகரத்தின் ஓரம். அவருடைய செய்தித்தாளை அந்த ஊர் முழுவதும் வாசித்தது. ஆனாலும் நாற்பது வயது தாண்டி, வேறொரு வேலையாகப் போன இடத்திலேதான் அவர் அந்தப் பிள்ளைகளை உண்மையாகக் கண்டார். பக்கத்தில் இருப்பதைக் காண்பதுதான் சில வேளைகளில் மிகக் கடினம்.

ஒரு வீடும் ஒரு சில்லிங் காசும்

றேக்ஸ் ஒரு குழுவை அமைத்துக் கூட்டம் வைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பகுதியிலே பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கக்கூடிய நன்னடத்தையுள்ள பெண்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். நான்கு பெண்களைக் காட்டினார்கள். தாம் அனுப்பும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்று, வாசிப்பும் ஞானோபதேச வினாவிடையும் கற்பிக்க அவர்களோடு பேசி ஒழுங்கு செய்தார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சில்லிங் சம்பளம்.

இந்த வேலையில் அவர் தனியாக இருக்கவில்லை. தோமஸ் ஸ்ரொக் என்ற குருவானவர் அவருக்குத் துணையாக நின்றார். அவர் முன்பு பணிசெய்த ஊரில் ஏற்கனவே ஞாயிறு வகுப்பு நடத்தி அனுபவம் பெற்றவர். பாடசாலைக்கான விதிகளை வகுத்தவர் அவரே. இருவரும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார்கள், செலவையும் பகிர்ந்துகொண்டார்கள். சோஃபியா குக் என்ற இளம்பெண், பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல், கிழிந்த உடைப் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் றேக்ஸோடு ஆலயத்துக்கு நடந்து போனார் என்று மெதடிஸ்த சபையாரிடையே ஒரு செய்தி வழங்கிவருகிறது.

தொடக்க காலப் பாடசாலைகளில் ஒன்று சூற்றி அலி என்ற ஒடுங்கிய சந்திலே, மெறெடித் அம்மையாரின் வீட்டிலே நடந்தது. புகைக்கூண்டு துப்புரவு செய்பவர்கள் வாழ்ந்த சந்து அது. கரி படிந்த சந்து என்பதே அந்தப் பெயரின் கருத்து. பையன்களின் குழப்பம் தாங்க முடியாமல் மெறெடித் அம்மையார் விரைவிலேயே கைவிட்டார். பின்பு பாடசாலை சவுத்கேற் தெருவிலே, றேக்ஸின் சொந்த வீட்டுக்குப் பக்கத்திலே, கிறிச்லி அம்மையார் என்ற உறுதியான பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலாவது முயற்சி சரிவராதபோது றேக்ஸ் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. அவர்களைத் தம் வீட்டுக்கு இன்னும் அருகிலே கொண்டுவந்தார்.

நாளின் ஒழுங்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள் பிள்ளைகளே. காலை பத்து மணிக்கு வந்து பன்னிரண்டு வரை படிக்கவேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பி வரவேண்டும். ஒரு பாடம் வாசித்த பின் வரிசையாக ஆலயத்துக்குப் போகவேண்டும். ஆராதனை முடிந்து மாலை ஐந்தரை வரை வினாவிடை. பின்பு சத்தம் போடாமல் வீட்டுக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் நீளமாக இருக்கிறது என்று முறைப்படும் நம் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்!

வருவதற்கு உடை ஒரு தடையாக இருக்கவில்லை. நல்ல சட்டை இல்லை, சப்பாத்து இல்லை என்று ஒரு பிள்ளையும் பின்நிற்கத் தேவையில்லை. முகமும் கையும் கழுவி, தலையை வாரி வந்தால் போதும். நன்றாகப் படித்தவர்களுக்கு றேக்ஸ் புத்தகமோ, சீப்போ, சப்பாத்தோ பரிசாகக் கொடுப்பார். எழுத்துப் படிக்கச் சிறு நூல்களைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். தொழிலும் ஊழியமும் அவருக்கு இரண்டு வேறு காரியங்களாக இருக்கவில்லை.

ஊரார் சிரித்தார்கள். காட்டு வாத்து என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டி, அவரையும் அவருடைய கந்தல் பட்டாளத்தையும் பரிகசித்தார்கள். ஆனால் கொஞ்ச நாளிலே பேராலயத்தின் அதிகாலை ஜெபத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே வரத் தொடங்கினார்கள். ஜெபம் முடிந்ததும் றேக்ஸைச் சூழ்ந்துகொண்டு வணக்கம் சொல்வார்கள். தங்களுக்குள் ஏற்பட்ட சண்டை சச்சரவுகளையும் அவரிடம் முறையிடுவார்கள்.

றேக்ஸிடம் குறையே இல்லை என்று எண்ணவேண்டாம். அவர் தம் காலத்து மனிதர். அடங்காத பையன்களின் காலிலே பாரம் கட்டி நடத்தியதையும், வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பெற்றோரைக்கொண்டு அடிப்பித்ததையும் அவரிடம் படித்தவர்கள் முதிய வயதிலே நினைவுகூர்ந்தார்கள். அதை நாம் இன்று ஏற்கமுடியாது. குறைவுள்ள மனிதரைக்கொண்டே கர்த்தர் தம் வேலையைச் செய்கிறார் என்பதை மட்டும் இதிலிருந்து கற்றுக்கொள்வோம். நம் குறைகளைக் காட்டி நாமும் ஒதுங்கி நிற்க முடியாது.

மூன்று ஆண்டு மௌனம்

செய்தித்தாள் கையில் இருந்தும் றேக்ஸ் மூன்று ஆண்டுகள் இதைப்பற்றி எழுதவில்லை. விதை முளைக்கிறதா என்று பார்த்திருந்தார். 1783ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதிதான் குளொஸ்ரர் ஜேர்னலிலே ஒரு சிறு செய்தி வெளிவந்தது. ஞாயிறு வகுப்புகளால் பிள்ளைகளிடையே நல்ல மாற்றம் காணப்படுகிறது என்று அதில் இருந்தது. தம் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

அந்தச் சில வரிகளை இலண்டன் செய்தித்தாள்கள் எடுத்து அச்சிட்டன. நாட்டின் பல பாகங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. எப்படித் தொடங்குவது, எவ்வளவு செலவாகும், யார் கற்பிப்பார்கள் என்று கேட்டார்கள். றேக்ஸ் பொறுமையாகப் பதில் எழுதினார். அவருடைய பதில்களில் ஒன்று 1784இல் ஜென்ரில்மன்ஸ் மகசீன் இதழில் வெளிவந்தது. ஜோன் வெஸ்லியும் தம் சஞ்சிகையில் இந்த வேலையை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1785இல் வில்லியம் ஃபொக்ஸ் என்ற துணி வியாபாரியின் முயற்சியால் ஓய்வுநாள் பாடசாலைகளுக்கு உதவும் சங்கம் இலண்டனிலே உருவாயிற்று. சார்லற் மகாராணியும் றேக்ஸை அழைத்து இதைப்பற்றி விசாரித்தார்.

றேக்ஸுக்கு முன்பும் இப்படிச் செய்தவர்கள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஹை விக்கம் என்ற ஊரிலே ஹன்னா போல் என்ற பெண்மணி 1769இலேயே ஞாயிறு வகுப்பைத் தொடங்கியிருந்தார். றேக்ஸ் செய்தது, சிறு இடங்களில் எரிந்த விளக்குகளை நாடறியச் செய்ததே. 1787ஆம் ஆண்டளவில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் படிப்பதாகக் கணக்கிடப்பட்டது. 1831ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவிலே வாரந்தோறும் ஏறக்குறைய 12,50,000 பிள்ளைகள் ஓய்வுநாள் பாடசாலைகளுக்குப் போனார்கள்.

ஏழைப் பிள்ளைகள் யாவருக்கும் பாடசாலை என்ற சட்டம் இங்கிலாந்திலே 1870இல்தான் வந்தது. அதுவரை குண்டூசி செய்த பிள்ளைகளும் நிலக்கரி தோண்டிய பிள்ளைகளும் எழுத்தறிந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் பெருங்காரணமாக இருந்தன.

எதிர்ப்பும் வந்தது. ஓய்வுநாளில் எழுத்துக் கற்பிப்பது கட்டளையை மீறுவதாகும் என்று சில பக்தர்களே குறை சொன்னார்கள். பிரான்சில் புரட்சி வெடித்த பின்பு, ஏழைகள் வாசிக்கக் கற்றால் மேலிருப்பவர்களுக்குக் கீழ்ப்படியமாட்டார்கள் என்று செல்வந்தரும் சில சபைத் தலைவர்களும் பயந்தார்கள். ஆனாலும் வகுப்புகள் நிற்கவில்லை. கற்பிப்பவர்கள் சம்பளம் வாங்காமல் அன்புக்காக வரத் தொடங்கியபோது, இந்த வேலை எந்த ஏழைச் சபையும் செய்யக்கூடிய வேலையாயிற்று.

நம் தமிழ் மண்ணுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பாடசாலைக்குப் பொறுப்பேற்ற அன்ட்றூ பெல் என்ற குருவானவர், நம்மவரின் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பாடசாலையில் பயன்படுத்தி, 1797இல் இலண்டனிலே ஒரு நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பாடசாலைகளில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளி மணல் அங்கே போனது. பின்பு 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் வந்த அருட்பணியாளர்கள் ஓய்வுநாள் பாடசாலையை நம் பாட்டன் பாட்டிமாருக்குக் கொண்டுவந்தார்கள்.

நின்று கண்ணீர் விட்ட இடம்

1802இல் றேக்ஸ் செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். முதிய வயதிலே, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்த ஜோசப் லங்காஸ்ரர் அவரைக் காண வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு றேக்ஸ் நகரத்தின் தெருக்களினூடாக நடந்தார். முதன்முதலில் அந்தப் பிள்ளைகளைக் கண்ட இடம் வந்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிச் சிறிது நேரம் அமைதியாக ஜெபித்தார். பின்பு கண்ணீர் வழிய லங்காஸ்ரரிடம் தம் அனுபவத்தைச் சொன்னாராம். இதே இடத்தில் நின்றுதான் ஒன்றும் செய்ய முடியாதா என்று தமக்குள் கேட்டார். முயன்று பார் என்று உள்ளத்திலே ஒரு குரல் பதில் சொன்னது. அவர் முயன்றார். அதைக் கர்த்தர் என்னவாக மாற்றினார் என்பதை நினைக்கும்போது அந்த இடத்தைத் தம்மால் சும்மா கடந்துபோக முடியவில்லை என்றார்.

1811ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி றேக்ஸ் குளொஸ்ரரிலே காலமானார். தாம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டார். தம் அடக்க ஆராதனைக்கு ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் வரவேண்டும், வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சில்லிங் காசும் ஒரு பெரிய துண்டு பிளம் கேக்கும் கொடுக்கவேண்டும் என்று அவர் முன்னதாகவே ஒழுங்கு செய்திருந்தார். சிங்கார உடைக்காரரின் கடைசி ஊர்வலத்திலே அவருடைய கந்தல் பட்டாளம் நடந்தது. ஒரு நாள் சம்பளமாக ஆசிரியைகளுக்குக் கொடுத்த அதே ஒரு சில்லிங் காசு, கடைசியாகப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

நம் வாசலிலே

அன்பான சபையாரே, இந்த வாழ்க்கை நம்மிடம் கேட்பது என்ன? நல்ல சமாரியனைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையிலே, காயப்பட்டவன் தூரதேசத்தில் கிடக்கவில்லை. எல்லாரும் தினமும் போய்வரும் வழியிலே கிடந்தான். சாட்சிகளாகப் போகும்படி சீஷர்களை அனுப்பியபோதும், பூமியின் கடைசி எல்லைக்கு முன்பாக ஆண்டவர் எருசலேமையே சொன்னார். அவர்கள் அப்போது நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து ஊர் அது.

நம் எருசலேம் எது? நாம் வாழும் அடுக்குமாடிக் கட்டடம், பிள்ளைகள் ஏறும் பஸ் தரிப்பிடம், நாம் வேலை செய்யும் கடையும் தொழிற்சாலையும். புதிதாக இந்த நாட்டுக்கு வந்து, பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் தவிக்கும் ஒரு தாய் அங்கே இருக்கிறாள். பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குப் போக, வீட்டிலே தனித்திருக்கும் பிள்ளை இருக்கிறது. தமிழில் நாலு வார்த்தை பேச ஆளில்லாமல் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் முதியவர் இருக்கிறார். அவர்கள் நம் ஆலயத்துக்கு வராதவர்களாகவும் இருக்கலாம். நம் இனத்தவர் அல்லாதவர்களாகவும் இருக்கலாம். றேக்ஸைப் போல நாமும் வேறு வேலையாகப் போகும் வழியில் அவர்களைத் தினமும் கடந்துபோகிறோம்.

அவருக்கு வேண்டியிருந்தவை கொஞ்சமே. ஒரு வீடு, நான்கு பெண்கள், சில சில்லிங் காசு, ஒரு சீப்பு. நமக்கும் ஒரு சமையலறை மேசை போதும். ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். ஒரு முதியவரோடு ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வகுப்பிலே யாரோடும் சேராமல் தனியே சாப்பிடும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். நாளைக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்திலே போய் உட்காருங்கள். அடுத்த ஞாயிறு கீழ்மாடி அறையிலே உங்கள் ஆசிரியரைக் காணும்போது, சம்பளம் வாங்காமல் ஞாயிறு தோறும் உங்களுக்காக வரும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். எப்போதாவது குயீன்ஸ் பார்க் பக்கம் போனால் அந்தச் சிலையைத் தேடிப் பார்த்து, கையிலிருக்கும் புத்தகத்தை அப்பா அம்மாவுக்குக் காட்டி, இவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.

சபையாரே, ஆண்டு நிறைவிலே கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்கிறோம். ஆராதனை முடிந்து வெளியே போகும்போது, நம் வாசலுக்கு முன்னால் இருக்கும் தெருவையும் ஒரு தடவை நின்று பார்ப்போம். ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டு, நாமும் முயன்று பார்ப்போம். மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவர் தாமே நம் சபையையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.